காற்று எந்தப் பக்கம் போகிறது?

விரிவுரை மண்டபத்திலோ நூலகத்திலோ உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கூரையில் வெள்ளையாக, வட்டமாக ஒரு கருவி தெரியும். புகை உணர்கருவி. அதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவி அந்தக் கூரைக்கும் மேலே, குளிர்காற்று ஓடும் தகரக் குழாயின் பக்கவாட்டில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் போன விடுமுறை வரை அது தெரியாது. இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு முடித்து, பத்து வாரத் தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் அப்படி ஒன்றை என் கையாலேயே பொருத்தினேன். திசை மாற்றிப் பொருத்தினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இடம், ஷா ஆலாமில் ஓர் ஆறு மாடிக் கட்டடம். பழைய கட்டடம்தான், உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், நான்காம் மாடியில் ஒரு டியூஷன் மையம் வரப்போவதாகப் பேச்சு. நான் சேர்ந்தது குளிர்சாதன வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு சிறு நிறுவனத்தில். முதல் வாரம் முழுவதும் அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுத்துக் கொடுத்தேன். சி.ஐ.டி.பி. பச்சை அட்டை கைக்கு வந்த பிறகுதான் தலைக்கவசமும் காலணியும் கொடுத்துக் கட்டடத்துக்குள் விட்டார்கள்.

அங்கே எனக்குப் பாடம் சொன்னவர் எங்கள் ஃபோர்மேன். வயது ஐம்பதுக்கு அருகில் இருக்கும். எஸ்.பி.எம். முடித்தவுடன் இந்த வேலைக்கு வந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்போம். அவர் பேசுவதில் பாதி தமிழ், பாதி மலாய், நடுநடுவே ஒரு ‘லா’. கூடவே ஒரு வங்காளதேச அபாங். பன்னிரண்டு ஆண்டுகளாக மலேசியாவில் காற்றுக் குழாய் மாட்டிக்கொண்டிருப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் முகக்கவசத்தைக் கழற்றாமல் பேசுவார்.

முதலில் இந்தக் கருவி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நடுவண் குளிர்சாதனம் உள்ள கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஏ.எச்.யூ. என்று ஒரு பெரிய பெட்டி, தனி அறையில் இருக்கும். அது அறைகளிலிருந்து சூடான காற்றை இழுக்கும். வடிகட்டி, குளிர்ந்த சுருள் வழியாகச் செலுத்தி, மறுபடியும் அறைகளுக்கே தள்ளும். காற்றை வெளியே அனுப்பும் குழாய் ஒன்று, திரும்பக் கொண்டுவரும் குழாய் ஒன்று. நம் உடம்பில் இரத்தம் ஓடுவதுபோலத்தான். ஏதோ ஓர் அறையில் தீப்பிடித்தால் அந்தப் புகையையும் இதே பெட்டி இழுத்து, தீப்பிடிக்காத அறைகளுக்கெல்லாம் விநியோகம் செய்துவிடும். குழாயில் உள்ள உணர்கருவியின் வேலை அதைத் தடுப்பது. புகையை உணர்ந்த உடனே ஏ.எச்.யூ.வின் விசிறியை நிறுத்தவேண்டும், குழாய்க்குள் இருக்கும் தடுப்புக் கதவுகளை மூடச் சொல்லவேண்டும், கீழே உள்ள எச்சரிக்கைப் பலகைக்குத் தகவல் கொடுக்கவேண்டும்.

புகை இப்படிப் பரவுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: “வேகஸ் ஹோட்டல் கேஸு, தேடிப் படி.” படித்தேன். 21 நவம்பர் 1980, அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் தங்கும் விடுதி. தீ மூண்டது தரைத்தளத்தில் இருந்த ஓர் உணவகத்தில். தீ எரிந்தது பெரும்பாலும் அந்தத் தளத்தோடு நின்றுவிட்டது. ஆனால் இறந்தவர்கள் 80 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தீயைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். பல மாடிகள் மேலே, அறைகளிலும் நடைபாதைகளிலும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். மின்தூக்கிக் குழிகள், படிக்கட்டுகள், காற்றுக் குழாய்கள் எல்லாம் புகைக்கு வழிவிட்டன. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கருவியின் அமைப்பு எளிமையானது. குழாய்க்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள், கூரையில் பார்க்கிறோமே அதே மாதிரியான உணர்கருவி. உள்ளே இருட்டறை, அதில் ஒரு சிறு விளக்கு. சாதாரணமாக விளக்கின் ஒளி உணரியின் மேல் படாது. புகை நுழைந்தால் அதன் துகள்களில் ஒளி பட்டுச் சிதறும், சிதறிய ஒளி உணரியைத் தொடும், எச்சரிக்கை கிளம்பும். பெட்டியின் பின்புறம் இரண்டு குழல்கள் நீட்டிக்கொண்டு காற்றுக் குழாய்க்குள் போகும். ஒன்று நீளமானது, குழாயின் அகலம் முழுவதையும் கிட்டத்தட்டத் தொடும். அதன் உடம்பில் வரிசையாகத் துளைகள், நுனியில் ஓர் அடைப்பான். மற்றது கட்டையானது. நீளக் குழல் வழியாகக் காற்று பெட்டிக்குள் வரும். கட்டைக் குழல் வழியாகத் திரும்பிப் போகும். இதற்கு மோட்டார், விசிறி எதுவும் கிடையாது. ஓடும் காற்றின் அழுத்தமே காற்றைப் பெட்டிக்குள் தள்ளவேண்டும். அதனால் நீளக் குழலின் துளைகள் காற்று வரும் திசையைப் பார்த்து இருந்தாகவேண்டும்.

பாய்ம இயக்கவியல் பாடத்தில் பிட்டோ குழாய் படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். 1732-இல் பாரிஸ் நகரத்து செய்ன் ஆற்றில் நீரோட்டத்தின் வேகத்தை அளக்க ஹென்றி பிட்டோ செய்த அதே கருத்துதான். ஓட்டத்தை எதிர்நோக்கும் துளையில் அழுத்தம் கூடும். எவ்வளவு கூடும்? காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், 0.6 பெருக்கல் 25, அதாவது 15 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடை. அவ்வளவுதான். தேர்வில் அந்தக் கணக்குக்கு எனக்கு முழு மதிப்பெண். கட்டடத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

நான்காம் மாடியில் இரண்டு கருவிகள். முதலாவது, குளிர்காற்றை வெளியே அனுப்பும் குழாயில். அதை அண்ணனே செய்தார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஏ.எச்.யூ.வின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டார். குழாயைச் சுற்றியிருந்த கண்ணாடிக் கம்பளியைக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்தார். பெட்டியோடு வரும் அச்சுத்தாளைத் தகரத்தில் ஒட்டி, அதில் காட்டிய இடங்களில் துளை போட்டார். நீளக் குழலின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. காற்று போகும் திசையில் அதைத் திருப்பி மாட்டினார். ஏ.எச்.யூ. இடப்பக்கம், அம்பு வலப்பக்கம். பெட்டியை முடுக்கிவிட்டு, வெட்டிய கம்பளியைத் திரும்ப வைத்து அலுமினிய டேப்பால் ஓரமெல்லாம் ஒட்டினார். இதில் அவர் காட்டிய பொறுமை எனக்கு வியப்பாக இருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த தகரம் கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் போதும், பனித்த கண்ணாடிக் குவளைபோல வியர்த்துச் சொட்ட ஆரம்பித்துவிடும். சொட்டும் தண்ணீர் மின்கருவிக்குள் போனால் அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

“பாத்துக்கிட்டியாம்மா? அடுத்தது நீ போடு,” என்றார். மறுநாள் அவருக்கு ஆறாம் மாடியில் வேலை. நானும் அபாங்கும் மட்டும்.

இரண்டாவது, அறைகளிலிருந்து காற்று திரும்பும் குழாய். அகலம் 600 மில்லிமீட்டர், உயரம் 400. இடம் தேடுவதிலேயே அரை நாள் போனது. குழாய் வளையும் இடத்தில் காற்று சுழன்று குழம்பும். ஆகவே வளைவிலிருந்து குழாயின் அகலத்தைப்போல ஆறு மடங்காவது தள்ளி நேரான பகுதியில் பொருத்துவது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். எனக்கு 3.6 மீட்டர் நேர்ப்பகுதி வேண்டும். இருந்ததோ இரண்டு மீட்டர். பிறகு ஒரு தூண், மின்கம்பித் தட்டு, தண்ணீர்க் குழாய். புத்தகத்தில் உள்ள நேரான குழாயை நான் அந்தக் கட்டடத்தில் எங்குமே பார்க்கவில்லை. கிடைத்த இடத்தில், வளைவிலிருந்து எவ்வளவு தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளிக் குறித்தேன். தகர விளிம்பு கையுறையைக் கிழித்தது. கண்ணாடிக் கம்பளி கழுத்தில் புகுந்து இரவெல்லாம் அரித்தது. இருந்தாலும் துளை வட்டமாக வந்தது, பெட்டி ஆடாமல் உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீளக் குழலை உள்ளே செருகும்போது முந்தைய நாள் பார்த்தது அப்படியே மனத்தில் இருந்தது. ஏ.எச்.யூ. இடப்பக்கம், அம்பு வலப்பக்கம். அப்படியே மாட்டினேன்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த அபாங் ஏதோ சொன்னார். பக்கத்து அறையில் துளையிடும் சத்தம். எனக்குக் கேட்டது ‘பாலிக்’ என்ற ஒரு சொல்தான். மணி ஐந்தரை. வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்று நினைத்து, “செகெஜாப், அபாங்,” என்று சொல்லிவிட்டு முடுக்கியை அழுத்தினேன். அவர் இன்னொரு முறை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகு அவர் பேசவில்லை.

மறுநாள் மாலை சோதனை. ஏ.எச்.யூ.வை ஓடவிட்டார்கள். காந்தம் ஒன்றைப் பெட்டியில் குறித்த இடத்தில் வைத்தேன். இது கருவிக்குள் புகை வந்துவிட்டது என்று நம்பவைக்கும் தந்திரம். சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே எச்சரிக்கைப் பலகையில் சரியான எண், சரியான மாடி. ஏ.எச்.யூ. பெருமூச்சு விட்டு நின்றது. எல்லாம் சரி. படிவத்தில் மூன்று கட்டங்களிலும் சரி போட்டேன். நான்காவது கட்டம் ‘அழுத்த வேறுபாடு’, அதில் ஓர் எண் எழுதவேண்டும். மற்ற மாடிகளின் படிவங்களைப் புரட்டினேன். அவற்றை வேறொரு குழு செய்திருந்தது. அந்தக் கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரு சிறு கோடு. நானும் ஒரு கோடு போட்டேன். கீழே ‘பொருத்தியவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தபோது அண்ணன் வந்தார்.

“என்னாம்மா இந்தக் கோடு?”

“மத்த மாடிக்கெல்லாம் அப்படித்தாண்ணே போட்டிருக்காங்க.”

“மத்த மாடிய நான் கேக்கல. இதுல காத்து வருதா இல்லையா?”

“வருதுண்ணே. லைட் எரிஞ்சுதே, ஏ.எச்.யூ. கூட நின்னுச்சு.”

“காந்தத்த வெச்சா சுவத்துல மாட்டியிருந்தாகூட எரியும் லா.”

கட்டட உரிமையாளரின் ஆள் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பொறியியலாளர், “நாளைக்குப் பார்க்கலாமே, இன்றைக்குப் படிவத்தைக் கொடுத்துவிடுவோம்,” என்றார். அண்ணன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. காற்றின் அளவைச் சரிபார்க்கும் குழுவிடம் போய் ஓர் அழுத்தமானியை இரவல் வாங்கிவந்தார். கையடக்கக் கருவி, இரண்டு ரப்பர் குழாய்கள். ஒன்றை நீளக் குழலின் வாயில் வைத்தோம், மற்றதைக் கட்டைக் குழலின் வாயில் வைத்தோம். ஏ.எச்.யூ. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் 0.3. கொஞ்ச நேரம் 0.5. பிறகு பூச்சியம். நாங்கள் பொருத்திய வகைக்குக் குறைந்தது 2.5 பாஸ்கலாவது வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது.

கருவி நன்றாக இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, பலகை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் காற்று போகவே இல்லை. கீழே ஒரு மாடியே எரிந்தாலும் அது பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கும்.

அண்ணன் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வாயில் ஒரு துண்டு மெல்லிழைத்தாளைப் பிடித்தார். தாள் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. வெளியே அனுப்பும் குழாயாக இருந்தால் அது படபடத்துப் பறந்திருக்கும். “இது இழுக்குற குழாய்ம்மா. காத்து பெட்டிய விட்டுப் போகல, பெட்டிக்கு வருது. காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு நீ யாரக் கேட்ட?”

யாரையும் கேட்கவில்லை. முந்தைய நாள் பார்த்ததைக் கேட்டேன், அவ்வளவுதான். இடப்பக்கம் ஏ.எச்.யூ. இருந்தால் வலப்பக்கம் அம்பு என்று மனப்பாடம் செய்திருந்தேன். துளைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் அபாங் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்: “காக், ஸெமாலாம் ஸாயா ச்சாக்காப் தெர்பாலிக்.” ‘பாலிக்’ இல்லை, ‘தெர்பாலிக்’. வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. திருப்பி மாட்டியிருக்கிறாய் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி; மலாய்மொழியில் எஸ்.பி.எம். தேர்வில் ஏ பிளஸ். மூன்று மொழி தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முன்னொட்டு காதில் விழவில்லை. சத்தம் அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். உண்மை என்னவென்றால், அவர் சொல்வது வேலை சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சப்பட்டு ஏணியை நகர்த்தப் போய்விட்டார்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விசிறியை நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு திருகுகளைத் தளர்த்தி, குழலை அரைவட்டம் திருப்பினேன். மறுபடியும் ஓடவிட்டு அளந்தபோது 13.8. வகுப்பில் போட்ட கணக்குக்கு இவ்வளவு அருகில் ஓர் எண்ணை நான் வெளியே எங்கும் பார்த்ததில்லை. கோட்டை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். உரிமையாளரின் ஆள் எப்போதோ போயிருந்தார்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. நிஜப் புகையில் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே தம் வண்டியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்துவந்தார். அறையில் காற்று திரும்பும் சல்லடைக்குக் கீழே மூன்று பத்திகளை ஏற்றிப் பிடித்தோம். புகை அழகாக மேலே இழுபட்டது. கருவி அசையவில்லை. எனக்கு மறுபடியும் வயிற்றில் புளியைக் கரைத்தது. “கணக்குப் போட்டுப் பாரு,” என்றார். 0.6 பெருக்கல் 0.4 பெருக்கல் 5. வினாடிக்கு 1.2 கன மீட்டர் காற்று அந்தக் குழாயில் ஓடுகிறது. எல்லா அறைகளின் சுத்தமான காற்றும் அதில் கலக்கிறது. மூன்று ஊதுபத்தியின் புகை அதில் காணாமல் போவதில் என்ன வியப்பு? அதனால்தான் குழாயில் கருவி இருக்கிறது என்று கூரையில் உள்ளதைக் கழற்றிவிட முடியாது. சிறு தீயை முதலில் கண்டுபிடிப்பது கூரையில் உள்ளதுதான். அதுபோக, ஏ.எச்.யூ.வை நிறுத்திவிட்ட இரவு நேரத்தில் குழாயில் காற்றே ஓடாது, அதில் உள்ள கருவிக்கும் எதுவும் தெரியாது. அது இருப்பது புகை மற்ற அறைகளுக்குப் பரவாமல் தடுக்க.

மறுநாள் காலை அழுத்தமானியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அண்ணன் என்னையும் அபாங்கையும் மற்ற ஐந்து மாடிகளுக்கும் அனுப்பினார். அவை எங்கள் பொறுப்பு இல்லை என்று பொறியியலாளர் முணுமுணுத்தார், தடுக்கவில்லை. பத்துக் கருவிகள், படிவத்தில் பத்துக் கோடுகள். இந்த முறை ஒவ்வொரு குழாயின் முன்னாலும் நின்று நான் அபாங்கிடம், “அங்கின் டாரி மானா?” என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார். ஒன்பது கருவிகளில் எண் நன்றாகவே வந்தது. இரண்டாம் மாடியில், காற்று திரும்பும் குழாயில் மட்டும் 1.1. துளைகள் சரியான பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. குழலை வெளியே இழுத்துப் பார்த்தோம். நுனியில் அடைப்பான் இல்லை. சிவப்பு ரப்பர் அடைப்பான், சுண்டுவிரல் நுனி அளவு. கருவி வந்த அட்டைப்பெட்டி இன்னும் அந்த அறை மூலையிலேயே கிடந்தது. உள்ளே கையேடு, கையேட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறையில், பிரிக்கப்படாமல், அந்த அடைப்பான்.

அபாங் உறையைப் பல்லால் கிழித்து என்னிடம் நீட்டினார். மாட்டிவிட்டு அளந்தேன். 12.4.